மரத்துக்குக் காது

நவம்பர் 6, வியாழன்

இந்த டைரியில் இதுவரை நான் எழுதியதெல்லாம் ஒரே மாதிரிதான். இன்ன தேதி, இன்னார் வீட்டுக் காதுகுத்து, ஹார்ன் நாலு, மைக் ரெண்டு, சீரியல் பல்பு ஐம்பது அடி. அவ்வளவுதான். ஆறாம் வகுப்பு வாத்தியார் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "இதை எழுதுனது நீயா, இல்ல கோழி மையில மிதிச்சிட்டு நடந்து போச்சா?" என்றார். படிப்பை அன்றைக்கே அவரிடம் விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆனால் இந்த மலையில் போனில் டவர் ஒரு கோடுகூட இல்லை. நடந்ததை யாரிடமாவது சொல்லிச் சிரிக்காவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. அதனால் டைரியே, நீதான் கேட்கவேண்டும்.

போன வாரம் சந்தைக்கு வந்த மலைக்காரன் ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். "எங்க நாவலம்பட்டுல ரேடியோ கட்டணும். பெரிய மரத்துல கட்டணும். வந்துடுங்க." எங்கள் பக்கத்தில் ரேடியோ கட்டுவது என்றால் ஒரே அர்த்தம்தான். மரத்தில் ஹார்ன் கட்டிப் பாட்டுப் போட்டு, இங்கே விசேஷம் என்று மூன்று ஊருக்குத் தெரியவைப்பது. முப்பது வருஷமாக என் தொழில் அதுதான். ஏகாம்பரம் ரேடியோ செட் என்றால் அடிவாரத்தில் நாய்க்குக்கூடத் தெரியும். ஆம்ப்ளிஃபயர், நாலு ஹார்ன், லாரி பேட்டரி எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றி வந்தேன். ரோடு முடிகிற இடத்தில் இறக்கி, அங்கிருந்து ஐந்து மைல் நடை. நாலு பேர் வந்து சுமந்தார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும், "என்ன விசேஷம்? கல்யாணமா, மஞ்சள் நீராட்டா?" என்றேன். ஒரு பொம்பளை முன்னால் வந்தாள். பெயர் வெள்ளச்சி. ஐம்பதைத் தொட்டும் தொடாத வயசு. கையில் ஒரு கறுப்புப் பெட்டி, சாப்பாட்டுத் தூக்கு அளவுதான் இருக்கும்.

"இதான் ரேடியோ. இதுக்குத்தான் மரத்துல கட்டணும்."

"இதுல பாட்டு வருமா?"

"பாட்டு வராது. நர்ஸம்மா வரும்."

அப்புறம்தான் விளங்கியது. போலீஸ் ஜீப்பில் கரகரவென்று பேசுமே, அந்த ரகம். டவுனில் ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. இங்கே ஒரு பெட்டி, அடிவார ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டி. இங்கே யாருக்காவது அவசரம் என்றால் பெட்டியில் சொன்னால் போதும், ரோடு முடிகிற இடத்துக்கு ஜீப் வந்துவிடும். இப்போது நடப்பது என்னவென்றால், முதலில் ஒருவன் கீழே ஓடிப் போய்ச் சொல்லவேண்டும், அதற்கப்புறம்தான் ஜீப் கிளம்பும்.

அந்த நிறுவனத்து இன்ஜினியர் தேவநாதனும் அங்கேதான் இருந்தார். மீசை முளைத்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். பள்ளிக்கூடக் கூரையில் கம்பி நட்டுப் பார்த்தாராம். எட்டவில்லையாம். என் ஹார்ன்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயா, இது வேற. ஹார்ன் கத்தற சாமான். ஆன்டெனா கேக்கற சாமான். இந்த ஊருக்கு இது எட்டாதுங்க. இருபத்தஞ்சாம் தேதி வரைக்கும் சோதனை பண்ணணும்னு விதி. அப்புறம் பெட்டியை வேற ஊருக்குக் கொடுத்துடுவோம்."

இதை இரண்டு தரம் சொல்லவைத்தேன். படித்த பிள்ளைகள் எல்லாம் ஏன்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறார்களோ.

புரிந்ததும் எனக்குச் சுருக்கென்றது. "தம்பி, முப்பது வருஷமா மரத்தைக் கத்த வச்சவன் நான். அதைக் கேக்க வைக்க எத்தனை நாழி ஆவும்?" என்றேன்.

ஆன்டெனா, கறுப்பு ஒயர், முள் வைத்த மீட்டர், ஒரு நோட்டு எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். தினமும் காலை பதினொன்று, மாலை நாலு, கீழே கூப்பிடவேண்டும். பதில் வந்ததா இல்லையா என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். ஆஸ்பத்திரியிலும் ஒரு நோட்டு. இரண்டும் ஒத்துப் போனால்தான் பெட்டி இங்கே நிற்கும்.

நவம்பர் 7, வெள்ளி

இந்த ஊர் பணியாரச் சட்டியில் ஊற்றிய மாவு மாதிரி. சுற்றிலும் மேடு, நடுக் குழியில் வீடுகள். பள்ளிக்கூடக் கூரையில் கம்பி நட்டால் அது மேட்டு மண்ணைத்தான் பார்க்கும், அடிவாரத்தை எங்கே பார்க்கும்? இதற்கு இன்ஜினியர் படிப்பு எதற்கு? ஹார்னை எந்தத் திசையில் திருப்பினால் எந்த ஊருக்குப் போகும் என்று தெரிந்தவனுக்கு இதுவும் தெரியும்.

கிழக்கு மேட்டின் விளிம்பில் வெள்ளச்சி வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு இலவமரம். மற்ற மரமெல்லாம் அதன் இடுப்புக்குத்தான் வரும். சுற்றி வந்து பார்த்தேன்.

"இலவத்துல முள்ளு இருக்குமே?"

"வயசான மரம். அடியில முள்ளெல்லாம் மழுங்கிப் போச்சு" என்றாள் வெள்ளச்சி.

"உனக்கு மட்டும் ஏன் தங்கச்சி இன்னும் மழுங்கல?"

அவள் மகன் சடையன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டான். மருமகள் கோசலை வாய்விட்டே சிரித்தாள். அவளுக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடக்கிறது. சிரிக்கும்போது வயிற்றை ரெண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள்.

வெள்ளச்சி சிரிக்கவில்லை. "மேல போகப் போக எளசு முள்ளு. ஏறித்தான் பாரேன்" என்றாள்.

நவம்பர் 8, சனி

ஏறினேன்.

முதலில் கவண்கல்லில் தூண்டில் நரம்பைக் கட்டி வீசி, உயரத்தில் ஒரு கவட்டைக்கு மேலே போட்டேன். நரம்பின் வாலில் சணல், சணலின் வாலில் வடம். ஹார்ன்காரன் வேலை எல்லாம் இப்படித்தான், மெலிசை அனுப்பித் தடிசை இழுப்பது. அப்புறம் மலைக்காரர்களின் ஏணி. ஒரே மூங்கில், அதன் பக்கக் கிளைகளை ஒரு சாண் விட்டு வெட்டியிருப்பார்கள், அதில் கால் வைத்து ஏறவேண்டியதுதான். சடையன் அணில் மாதிரிப் போனான். நான் கர்ப்பிணி எருமை மாதிரிப் போனேன்.

உச்சிக்குப் போனதும் கிழக்கே அடிவார ஏரி தகடு மாதிரி மின்னியது. ஏரிக் கரையில்தான் ஆஸ்பத்திரி. அங்கேயே உட்கார்ந்துகொண்டு, "எட்டாதா? இங்க வந்து பார்றா தம்பி!" என்று இல்லாத இன்ஜினியரைப் பார்த்துக் கத்தினேன்.

ஒரு சின்ன விபத்து. இலவங்கிளை பார்வைக்குத்தான் தாட்டியம், காற்றில் முறியும். அதனால் நடுத்தண்டோடு சேர்த்து இருபதடி மூங்கிலை நிமிர்த்திக் கட்டி, அதன் தலையில்தான் ஆன்டெனா. நான் இறங்கி வந்து கீழிருந்து வடத்தைப் பிடித்திருந்தேன். சடையன் மேலிருந்து "விடுங்க மாமா" என்றான். விட்டேன். மூங்கில் இறங்கி வந்து வெள்ளச்சியின் கோழிக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தி நின்றது.

"விடாதீங்கன்னு இல்ல சொன்னேன்!" என்று சடையன் இறங்கி வந்து தலையில் அடித்துக்கொண்டான்.

வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டு பேசினால் அப்படித்தான். கோழி பிழைத்தது. வெள்ளச்சி என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் பிழைக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. கோசலை ஊசியால் என் உள்ளங்கையிலிருந்து பதினேழு முள் எடுத்தாள். எண்ணிக்கொண்டே எடுத்தாள், பாவி.

நவம்பர் 11, செவ்வாய்

ஆன்டெனா என்பது, துணியைக் கிழித்துவிட்ட குடை மாதிரி. நடுவில் நிமிர்ந்த கம்பி ஒன்று. அதன் காலடியில் சாய்வாக விரிந்த கம்பி நாலு. நடுக்கம்பியின் நீளத்தைச் சரியாக வைப்பதுதான் சுருதி சேர்ப்பது. மீட்டரில் முள் ஒன்றை ஒட்டி நின்றால் நாம் பேசுவதை ஆன்டெனா அப்படியே வெளியே விடுகிறது என்று அர்த்தம். மூன்று, நாலு என்று ஏறினால், மாமியார் அனுப்பிய பலகாரம் மாதிரி, பாதியைத் திருப்பி அனுப்புகிறது.

கிணற்று ராட்டினத்தை மேலே கட்டிவிட்டோம். இறக்கு, கம்பியை ஒரு நெல் அளவு வெட்டு, ஏற்று, முள்ளைப் பார். திரும்ப இறக்கு. முதலில் மூன்றரை. மத்தியானத்துக்குள் இரண்டு. எனக்குப் பசி. ஒரே வெட்டில் முடித்துவிடலாம் என்று ஒரு விரல்கடை வெட்டினேன். முள் திரும்ப மூன்றுக்குப் பாய்ந்துவிட்டது.

வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. வேறு கம்பிக்கு எங்கே போவது? கோசலை உள்ளே போய், கல்யாணத்துக்குத் தன் அம்மா வீட்டில் கொடுத்த குடையை எடுத்து வந்தாள். அதன் நடுத்தண்டு கச்சிதமாக இருந்தது.

"குடையை வெட்டிட்டா, வலி வர்றப்ப மழை பேஞ்சா நான் எதைப் புடிச்சிக்கிட்டுப் போறது பெரியப்பா?"

"நீ ஏம்மா குடையில போற? ஜீப்ல போ."

வெட்டினேன். இந்தத் தரம் நெல் நெல்லாக.

நவம்பர் 13, வியாழன்

முள் ஒன்றே கால். மூட்டுகளுக்கெல்லாம் சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றி மழைநீர் இறங்காமல் கட்டினேன். பெட்டியை வெள்ளச்சி வீட்டுக் கூடத்தில், ஜன்னலோரம் வைத்தாயிற்று.

பதினொரு மணி. எல்லோரையும் இருபதடி தள்ளி நிற்கச் சொன்னேன். மைக் டெஸ்டிங் என்றால் என் பக்கத்தில் ஒரு ஈ பறக்கக்கூடாது, எங்கே போனாலும் அதுதான் சட்டம். சத்தத் திருகை ரொம்பக் குறைவாக வைத்தேன். போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் மைக் ஊளையிட்டதாம், தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்களாம், நான் மட்டும் வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம். மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கே வந்துவிட்டார்கள். எனக்கு ஒரு ஊளையும் கேட்கவில்லை. ஜனங்கள் எதையும் பெரிசுபடுத்துவார்கள். இருந்தாலும் அதிலிருந்து திருகை நான் ஏற்றுவதில்லை.

பொத்தானை அழுத்தி, "நாவலம்பட்டு கூப்பிடுது. ஆஸ்பத்திரி, கேக்குதா? ஓவர்" என்றேன். ஓவர் என்றால் நான் முடித்துவிட்டேன், நீ பேசு என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஓவர் என்றால் ரொம்பத்தான் ஆடுகிறாய் என்று அர்த்தம்.

பதில் இல்லை. காற்று இரைகிற மாதிரி ஒரு இரைச்சல் மட்டும்.

அடுப்படியிலிருந்து கோசலை எட்டிப் பார்த்தாள். "யாரோ பொம்பள பேசினாப்ல இருந்துதே பெரியப்பா?"

"அது உங்க மாமியா கோழியைத் திட்டறது."

"பதில் இல்லை, ஓவர்" என்று பெட்டியிலும் சொல்லிவிட்டு நோட்டில் எழுதினேன்: பதில் இல்லை. ஏகாம்பரம்.

நவம்பர் 14, வெள்ளி

காலை: பதில் இல்லை. மாலை: பதில் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மூங்கிலை இன்னும் பத்தடி உயர்த்தினோம். முள் ஒன்றே கால்தான், அசையவில்லை. இறக்கி எல்லா மூட்டையும் பிரித்துப் பார்த்துத் திரும்பக் கட்டினேன். பழுது ஒன்றும் இல்லை. பதிலும் இல்லை.

நாளைக்கு அடிவாரத்தில் கார்த்திகை முதல் முகூர்த்தம். ஒரு ஆர்டர் இருந்தது. சந்தைக்குப் போன ஆளிடம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பயந்துகொண்டு இல்லை. இங்கே வேலை இருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

வெள்ளச்சியிடம், "எல்லா ஊர்லயும் கோயில் கேப்பாங்க, தார் ரோடு கேப்பாங்க. நீ மட்டும் ஏன் இந்தக் கறுப்புப் பெட்டியக் கட்டிக்கிட்டு அழுவற?" என்று வம்புக்கு இழுத்தேன். அவள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே சொன்னாள்.

"போன வருஷம் எம் பொண்ணுக்கு வலி வந்துச்சு. மூங்கில்ல தூளி கட்டித் தூக்கிட்டு ஓடினம். ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தப்ப அவ நல்லாத்தான் இருந்தா. தண்ணிகூடக் கேட்டா. ஜீப் இல்ல. சொல்லப் போனவன் அப்பத்தான் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போயிருக்கறான். மூணு மணி நேரம் ரோட்டோரத்துல ஒக்காந்திருந்தம். ஜீப் வந்தப்ப அவ உசுரோட இல்ல. ரோடு இருந்துது. ஜீப் இல்ல."

அப்புறம் முறத்தில் இன்னொரு படி கேழ்வரகைக் கொட்டினாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினேன். கடைசியில், "இந்தப் பெட்டிய இந்த ஊர்லருந்து எவன் தூக்கிட்டுப் போறான்னு நானும் பாக்கறன்" என்றேன்.

"மொதல்ல அதப் பேச வையி, அப்புறம் பாரு" என்றாள்.

மாலை: பதில் இல்லை.

நவம்பர் 20, வியாழன்

இன்று எழுத ஒன்றும் இல்லை. வெள்ளச்சி பேசினாள்.

நவம்பர் 21, வெள்ளி

நேற்று எழுதாததை இன்று எழுதுகிறேன். இல்லாவிட்டால் இந்த டைரிக்கும் அந்த நோட்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

நேற்று மாலை சோதனைக்கு முன்னால் மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். திரும்பினால் வெள்ளச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். சடையனும் கோசலையும் அவளுக்குப் பின்னால், செத்த வீட்டில் நிற்கிற மாதிரி.

"எத்தனை நேரமா இங்க நிக்கறன் தெரியுமா ரேடியோ?" என்றாள். என் பெயர் அவளுக்கு ரேடியோதான். "மொதல்ல காப்பித்தண்ணி குடிக்க வான்னேன். அப்புறம் ஒன் வம்சத்தையே திட்டினேன். அப்புறம் கூரையில தீப்புடிச்சிக்கிச்சுன்னு கத்தினேன். கோழி ஓடிச்சு. நீ ஓடல."

"ஒன் கத்தலைக் கேட்டு எவன் ஓடுவான் தங்கச்சி? தினமும் கேக்கறதுதானே" என்றேன். சொன்ன எனக்கே சிரிப்பு வரவில்லை.

அவள் பெட்டியைத் தூக்கிக் கோசலை மடியில் வைத்தாள். திருகைக் கடைசிவரை ஏற்றினாள். மணி நாலு. கோசலை கூப்பிட்டாள். கூப்பிட்டு முடித்ததும் அவள் முகம் மலர்ந்த விதம் இருக்கிறதே, நான் எந்தக் கல்யாணப் பெண்ணிடமும் பார்த்ததில்லை. பெட்டியிலிருந்து ஏதோ கரகரத்தது எனக்கும் கேட்டது. வார்த்தை வரவில்லை. கோசலைதான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள்.

நர்ஸ் தமயந்தி சொன்னது இது: "ஒரு வாரமா நான் கேக்குது கேக்குதுன்னு தொண்டை கிழியக் கத்தறேன். அந்த ஆளு பாட்டுக்கு, பதில் இல்லன்னு எங்கிட்டயே சொல்லிட்டு வச்சிடறாரு. என்னை நையாண்டி பண்றாருன்னு நெனச்சேன். இங்க வந்த இன்ஜினியர், நாங்க பேசறது மேல எட்டலைன்னு எழுதிட்டாரு!"

சடையன் சிரித்துவிட்டான். கோசலை சிரித்தாள். வெள்ளச்சிகூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் நான் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திக்கொண்டேன்.

பதிமூன்றாம் தேதியே மரத்துக்குக் காது முளைத்துவிட்டது. எனக்குத்தான் போய்விட்டது.

எத்தனை நாளாக என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். என் வீட்டுக்காரி ஒரு வருஷமாகக் கையைத் தட்டித்தான் கூப்பிடுகிறாள். செல்லமாகத் தட்டுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

"இனிமே கோசலை கேட்டுக்குவா. நீங்க வீட்டுக்குப் போங்க மாமா" என்றான் சடையன். நல்ல மனசோடுதான் சொன்னான். அதனால்தான் இன்னும் எரிந்தது.

"கோசலைக்கே வலி வந்தா யாருடா கேப்பா? நீ அவளத் தூக்கிட்டு ஓடுவ. ஒங்கம்மாவும் கூட ஓடுவா. ஊர்ல பாதிப்பேர் காட்டுல இருப்பாங்க. பெட்டி இந்தக் கூடத்துல தனியா ஒக்காந்து யாருகிட்ட பேசும்? கோழிகிட்டயா?"

கோபத்தில் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அதில் விஷயம் இருப்பது தெரிந்தது.

காது மந்தம் என்றால் என்ன? சத்தத்தைப் பெரிசாக்கவேண்டியதுதானே. முப்பது வருஷமாக என் பிழைப்பே அதுதானே! பெட்டியின் முதுகில் ஒயர் சொருக ஒரு ஓட்டை இருக்கிறது. அதிலிருந்து என் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு ஒயர். ஆம்ப்ளிஃபயரிலிருந்து இலவமரத்துக்கு. நான் கொண்டுவந்த நாலு ஹார்னும் பதினேழு நாளாக மாட்டுக் கொட்டகையில் தூங்குகின்றன. திசைக்கு ஒன்றாக மரத்தில் கட்டினோம். உச்சியில் ஆன்டெனா, அதற்குக் கீழே ஹார்ன். கேட்கிற சாமானும் கத்துகிற சாமானும் ஒரே மரத்தில்.

மாலை நாலு மணி. கோசலை கூப்பிட்டாள். நர்ஸ் தமயந்தி, "கேக்குது நாவலம்பட்டு, நல்லா கேக்குது, ஓவர்" என்றாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் மேய்ந்த மாடுகள் தலையைத் தூக்கின. சாமை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். எனக்கும் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"அந்த நர்ஸம்மாவுக்கு இவ்வளவு நல்ல கொரலா? இத்தனை நாள் தெரியாமப் போச்சே" என்றேன்.

"வீட்டுக்காரி இருக்கறாளா ஒனக்கு?" என்றாள் வெள்ளச்சி.

நவம்பர் 25, செவ்வாய்

தேவநாதன் வந்தார். கூடவே பெட்டியை வைத்துக் கட்ட ஒரு அட்டைப் பெட்டியும் வந்தது. ஊரே மரத்தடியில் கூடியிருந்தது. பதினொரு மணிக்கு நர்ஸின் குரல் நாலு திசையிலும் முழங்கியபோது அட்டைப் பெட்டி அவர் கையிலிருந்து நழுவியதை நான் பார்த்தேன். அந்தச் சத்தத்தை மட்டும் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

கையைக் குலுக்கினார். நல்ல பிள்ளைதான். அப்புறம் நோட்டைப் புரட்டினார். முகம் சுண்டியது.

"ஐயா, பதிமூணாம் தேதியிலேருந்து ஒரு வாரம், நேரா நேரத்துக்குப் பதில் இல்ல, பதில் இல்லன்னு உங்க கையெழுத்தோட இருக்கு. இன்னிக்கி வேலை செய்யுது, நான் பாத்துட்டேன். ஆனா ஆபீஸ்ல நோட்டைத்தான் பாப்பாங்க. விட்டு விட்டு வர்ற லைனை நம்பி உயிரை ஒப்படைக்க முடியாதுன்னு பெட்டியைத் திரும்ப வாங்கச் சொல்லிடுவாங்க." இந்தத் தரம் என் முகத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஒயர் லூசா இருந்துதுன்னு எழுதிடுங்க மாமா" என்று சடையன் என் காதோரம் வந்து கத்தினான். ரகசியம் சொல்கிறானாம். ஊரே கேட்டது.

"ஒயர் லூசுன்னா திரும்பவும் லூசாவும்னு சொல்லுவாங்க" என்றார் தேவநாதன். "அடிச்சுத் திருத்தவும் கூடாது. என்ன காரணம்னு தெளிவா எழுதி, கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு."

காரணம் எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும். ஆனால் எழுதிக் கொடுத்தால் நோட்டு டவுனுக்குப் போகும். அடிவாரம் வழியாகத்தான் போகும். வருகிற போகிறவன் எல்லாம் படிப்பான். செவிடன் நடத்துகிற ரேடியோ செட் என்று தை மாதத்துக்குள் பாட்டே கட்டிவிடுவார்கள்.

வெள்ளச்சியைப் பார்த்தேன். அன்றைக்கு முறம் புடைத்தபோது இருந்த அதே முகம். பக்கத்தில் கோசலை, வயிற்றில் கை வைத்துக்கொண்டு.

பேனாவை வாங்கினேன். கோழி மிதித்த எழுத்துத்தான். ஆனால் யாரும் தப்பாகப் படித்துவிடாதபடி பெரிசு பெரிசாக எழுதினேன்.

"13ஆம் தேதி முதல் 20ஆம் தேதி காலை வரை நான் பதில் இல்லை என்று எழுதியது தப்பு. பதில் வந்தது. ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தது. ஆன்டெனாவில் பழுது இல்லை. ஒயரில் பழுது இல்லை. எனக்குக் காது கேட்காது. இப்படிக்கு, ஏகாம்பரம், ஏகாம்பரம் ரேடியோ செட்."

"கடைப் பேரு வேண்டாமே ஐயா" என்றார் தேவநாதன் மெதுவாக. வாயசைவிலேயே தெரிந்துகொண்டேன்.

"இருக்கட்டும் தம்பி. காது கேக்காதவன் கட்டின மரத்துக்கு இவ்வளவு நல்லாக் காது கேக்குதுன்னு நாலு பேர் படிக்கட்டும். எவனாச்சும் சிரிச்சா, உரக்கச் சிரிக்கச் சொல்லு. மெதுவாச் சிரிச்சா எனக்குக் கேக்காது."

அட்டைப் பெட்டியை வெள்ளச்சி எடுத்துக்கொண்டு போனாள். கோழி அடைகாக்க ஆகுமாம்.

நவம்பர் 28, வெள்ளி

காலை எட்டே முக்காலுக்குக் கோசலைக்கு வலி வந்தது. நல்ல மழை. நான்தான் கூப்பிட்டேன். ஹார்னில் பதில் வந்தது: "ஜீப் கெளம்புது. நீங்களும் கெளம்புங்க." அந்தக் குரல் கேட்டே காட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்து தூளிக்குத் தோள் கொடுத்தார்கள். கோசலை போகும்போது என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. குடை என்று உதடு அசைந்த மாதிரி இருந்தது. என் தார்ப்பாயை எடுத்து அவள் மேலே போர்த்தினேன்.

பெட்டியும் நானும் கோழியும் மட்டும் வீட்டில். ஹார்னை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தேன். காலையில் வைத்த கஞ்சி அப்படியே இருக்கிறது.

மூன்றரைக்குச் சடையன் மட்டும் முழங்கால் சேற்றோடு திரும்பி வந்தான். அம்மா அங்கேயே இருக்கிறாளாம். "நாங்க ரோட்டுக்குப் போனப்ப ஜீப் நின்னுக்கிட்டிருந்துது மாமா. முன் மூடியத் தொட்டுப் பார்த்தேன். சில்லுன்னு இருந்துது. எங்களுக்கு முன்னாலயே வந்து அவ்வளவு நேரமாக் காத்துக்கிட்டு இருந்திருக்குது" என்றான். அதையே மூன்று தரம் சொன்னான். எனக்கு முதல் தரமே கேட்டுவிட்டது. ஆனாலும் மூன்று தரமும் சொல்லவிட்டேன்.

நாலு மணிக்கு ஊரே மரத்தடியில் இருந்தது. மழையில் யாரும் நகரவில்லை. நான் பொத்தானை அழுத்தினேன். "நாவலம்பட்டு கூப்பிடுது. கேக்குதா? ஓவர்."

ஹார்ன் கரகரத்தது. நர்ஸ் பேசவில்லை. வெள்ளச்சி பேசினாள். நாலு திசையிலும், நாலு மடங்காக.

"யோவ் ரேடியோ! பொட்டப் புள்ள பொறந்திருக்கு. ரெண்டு உசுரும் நல்லா இருக்கு. கேக்குதாய்யா ஒனக்கு?"

"மெதுவாப் பேசு தங்கச்சி, மூணு ஊருக்குக் கேக்குது!" என்றேன். கடைசியில் ஓவர் சொல்ல மறந்துவிட்டேன். 

நோட்டில் எழுதினேன்: மாலை 4. பதில் வந்தது. கேட்டது. ஏகாம்பரம்.

இந்த ஊருக்கு வந்து இறங்கியதும் என்ன விசேஷம் என்றுதானே கேட்டேன். விசேஷம் இல்லாத ஊரில் ரேடியோ கட்டி எனக்குப் பழக்கம் இல்லை. ஆகவே இந்த டைரியில் வழக்கம்போல:

நவம்பர் 28, நாவலம்பட்டு, வெள்ளச்சி வீட்டில் பேத்தி பிறந்தது. ஹார்ன் நாலு. மரம் ஒன்று.